எங்கள் தெருவில் உலகம் அழிந்த கதை

வீடியோ கேம் சோதிக்கிற வேலை என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைச் சுட்டு வீழ்த்துகிற துப்பாக்கி மட்டும் இன்னும் எந்தக் கேமிலும் வரவில்லை.

திரையைப் பார்த்தே கண் கெட்டு, மெட்ரோவில் நின்றே கால் கெட்டு, மீட்டிங்கில் தலையாட்டியே கழுத்தும் கெட்டுப்போன என் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நான் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் உருவாக்கும் கேம்களுக்குப் படம் வரைந்து கொடுப்பதும், ஓட்டை இருக்கிறதா என்று ஆடிப் பார்த்துச் சொல்வதும் எங்கள் பிழைப்பு. வரைகிறவர்கள் ஜன்னல் ஓரம். ஆடிப் பார்க்கிற நாங்கள் கழிப்பறை ஓரம்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு கேமைப் பற்றி. பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் எங்களுக்குள் அதைத் 'தூசி' என்று கூப்பிட்டோம். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள்.

சம்பளத்துக்கு விளையாட்டு

சோதனை என்றால் ஜாலியாக எதிரிகளைச் சுட்டுத் தள்ளுவது என்று நினைக்காதீர்கள். ஒரு சுவர் இருக்கும். அதில் போய் முட்ட வேண்டும். நடந்து முட்டி, ஓடி முட்டி, குதித்து முட்டி, குனிந்து முட்டி, துப்பாக்கியை மாற்றி மறுபடி முட்ட வேண்டும். சுவர் வழியாக அந்தப் பக்கம் விழுந்துவிட்டால் அது பிழை. எழுதி அனுப்ப வேண்டும். விழாவிட்டால் அடுத்த சுவர். ஒரு பாழடைந்த நகரத்தில் எத்தனை சுவர் இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பொறுமையாக விளக்கினேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போனில் ஏதோ கேம் ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு சொன்னார்: "இத வூட்ல இருந்துகினே ஆடலாமேம்மா, இதுக்கு எதுக்கு வைட்ஃபீல்டு வரிக்கும் போற?"

தாகம்

நியாயமாகச் சொல்ல வேண்டும். 'தூசி' நல்ல கேம். உலகத்தில் மழை நின்றுபோய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. கடல் இருந்த இடத்தில் உப்பு வெடித்துக் கிடக்கிறது. வானம் எப்போதும் பழுப்பு. கேமில் பாட்டு, பின்னணி இசை எதுவும் கிடையாது. காற்றும், உங்கள் மூச்சும், இடுப்பில் தொங்கும் குடுவையில் தண்ணீர் தளும்புகிற சத்தமும்தான். அந்தத் தளும்பல் குறையக் குறைய நமக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கி சீக்கிரம் சூடேறிவிடும். குடுவையில் இருக்கிற கொஞ்சம் தண்ணீரைக் குடித்து உயிரைக் காப்பாற்றிக்கொள்வதா, துப்பாக்கி மேல் ஊற்றி அடுத்த குண்டைச் சுடுவதா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். முதல் தடவை ஆடியபோதே, இதை யோசித்தவன் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். இப்போதும் அந்த எண்ணம் மாறவில்லை.

அந்தக் கோடையில் எங்கள் ஆபீஸ் கட்டடத்திலேயே போர்வெல் வற்றிவிட்டது. கை கழுவத் தண்ணீர் கிடையாது, டிஷ்யூவில் துடைத்துக்கொள்ளுங்கள் என்று ஒட்டியிருந்தார்கள். அதே வாரம் வீடியோ மீட்டிங்கில் வந்த வெளிநாட்டு இயக்குநர், குளிருக்குக் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, "பெங்களூர் டீம், அந்தத் தாகம் உங்களுக்கு நிஜம்போலப் படுகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாரும் பிரமாதம் என்றோம். மீட்டிங் முடிந்ததும் பக்கத்து நாற்காலி ஷபீர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தான். அவன் என்னைப் போலவே சுவர் முட்டுகிறவன், ஃப்ரேஸர் டவுன்காரன். அவன் சொன்னான்: "தண்ணி இல்லன்னா துப்பாக்கி தூக்குவாங்கன்னு எழுதிருக்கான் பாரு, எங்க கல்லி சந்துல டேங்கர்காரன் கிட்ட பையா, அண்ணான்னு கெஞ்சத்தான் செய்யறோம்."

உதைக்கிற துப்பாக்கி

கேமில் ஒரு நீளத் துப்பாக்கி உண்டு. சுட்டால் திரை மேலே உதறும். அந்த உதறல், நின்று சுட்டாலும் குனிந்து சுட்டாலும் ஒரே மாதிரி இருந்தது. குனிந்தால் குறைய வேண்டும். அதை எழுதி, வீடியோவும் இணைத்து அனுப்பினேன். எங்கள் தயாரிப்பு மேனேஜர் தீபா பெங்களூர்க்காரி, கன்னடம் வீட்டு மொழி, தமிழ் சரளமாகப் பேசுவாள், நல்லவள்தான். என் மேஜைக்கே வந்து தட்டிக்கொடுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்ததற்குக் காரணம் அவள் கூடவே கேட்ட கேள்வி: "சூப்பர் யசோ, இத யாரு சொல்லிக் குடுத்தாங்க, ஷபீரா, இல்ல உன் தம்பியா?"

எனக்குத் தம்பியே கிடையாது.

நீலக் கதவு

கேமின் நடுவில் ஒரு குடியிருப்பு வரும். அங்கே ஒரு கும்பல் தண்ணீரை ஒளித்துவைத்துக்கொண்டு யாருக்கும் தர மறுக்கிறது. கதாநாயகன் சந்து சந்தாகப் புகுந்து, அவர்களைச் சுட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த லெவலை வரைந்தது எங்கள் ஆபீஸ். ஒரு காலை, கேமின் புதுப் பதிப்பு, நாங்கள் பில்ட் என்போம், வந்திருந்தது, திறந்தேன். பழுப்பு வெளிச்சம், தூசி. முதல் சந்தில் நுழைந்தேன். வழக்கமாகப் புது லெவலில் மேப்பைப் பார்க்காமல் யாராலும் நகர முடியாது. நான் மேப்பைப் பார்க்காமலே இடதுபக்கம் திரும்பினேன்.

நான் குடியிருப்பது ரிச்சர்ட்ஸ் டவுனைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி இருக்கிற ஒரு தெரு. ரிச்சர்ட்ஸ் டவுன் என்று சொன்னால் மரங்களும் பங்களாக்களும் சர்ச்சும் நினைவுக்கு வரும். அந்தப் பங்களாக்களில் வேலை செய்தவர்களுக்கும் ரயில்வேயில் வேலை செய்தவர்களுக்கும் ஒரு தெரு வேண்டுமில்லையா, அதுதான் எங்கள் தெரு. அந்தத் தெரு திரையில் இருந்தது. சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிய எங்கள் தெருக்குழாய். பாதி அழிந்த தமிழ் எழுத்தோடு ரேஷன் கடைச் சுவர். தெரு முனையில், நாங்கள் பௌர்ணமிக்குக் கூடுகிற சின்னப் புத்தர் கூடம். கேமில் அந்தச் சிலைக்குத் தலை இல்லை, மடியில் தோட்டாப் பெட்டி. அதற்கு எதிரே நீலக் கதவு. போன வருஷம் நானும் அம்மாவும் பெயிண்ட் அடித்தோம். நீலம் போதாமல் கீழே ஒரு சாண் பச்சை அடித்தோம். கேமிலும் கீழே ஒரு சாண் பச்சை. அந்தக் கதவைத் திறந்துகொண்டு, கிழிந்த லுங்கியோடு ஒருவன் கம்பியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து ஓடி வந்தான். என் விரல் பொத்தான்மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. அவன் அடித்து, திரை கறுத்து, நான் செத்துப்போனேன். ஷபீர் எட்டிப் பார்த்தான்: "ஏன் யசோ சுடாம நின்னுட்ட? பக்காவா நேருக்கு நேர் வந்தானே!"

வீட்டுக்கு வந்து போனவர்

லெவலை வரைந்த குழுவுக்குத் தலைவர் வருண். சென்னைக்காரர், பெரிய கல்லூரியில் வரைகலை படித்தவர். ஜன்னல் ஓரம் போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். இந்தத் தெரு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவர் உற்சாகமாகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவோடு சுற்றியபோது எதேச்சையாகக் கண்ணில் பட்டதாம். கல்லூரி வேலைக்காக என்று சொல்லி எல்லாக் கதவையும் எல்லாச் சுவரையும் எடுத்தாராம். ஜனங்கள் ரொம்ப நல்லவர்களாம், ஒரு வீட்டில் உட்கார வைத்து டீ கூடக் கொடுத்தார்களாம்.

"அது எங்க தெரு," என்றேன். "அந்த நீலக் கதவு எங்க வீடு."

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். உலகம் அழிந்த பிறகு இருக்கிற ஊரைத்தானே வரையச் சொன்னார்கள், நாங்கள் அழிந்தவர்கள் மாதிரியா இருக்கிறோம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க யசோதரா, அங்க எல்லாமே அப்படியே செட் மாதிரி இருந்துச்சு, நான் பெருசா எதையும் மாத்த வேண்டியே வரல."

பிழை இல்லை

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் பிழை அறிக்கை. எழுதினேன். இந்தக் குடியிருப்பு நிஜமாக இருக்கிற ஒரு தெரு. இதில் ஆட்கள் வாழ்கிறார்கள். வழிபடுகிற சிலையின் தலையை வெட்டி மடியில் தோட்டா வைத்திருக்கிறோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எவ்வளவு தீவிரமான பிழை என்று கேட்கிற கட்டத்தில், கேமே நின்றுபோகும் என்கிற உச்ச நிலையைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது எனக்கு இருந்த கோபத்தில் அதற்கு மேல் ஒரு நிலை இருந்திருந்தால் அதையும் தட்டியிருப்பேன்.

மதியச் சாப்பாடு முடிந்து வருவதற்குள், 'வடிவமைத்தபடியே இருக்கிறது' என்று அதை மூடியிருந்தார்கள். மறுபடி திறந்தேன். மறுபடி மூடினார்கள். மறுபடி திறந்தேன். தீபா என்னை வெளியே காபி மெஷின் பக்கம் அழைத்துப் போனாள். பேப்பர் கப்பில் காபி பிடித்து என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அக்கா மாதிரி சொன்னாள்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடு யசோ, கொஞ்சம் விட்டுக்குடு, இது பக் இல்லம்மா, ஃபீலிங், ஃபீலிங்க மூடறதுக்கு நம்ம சாஃப்ட்வேர்ல பட்டனே இல்ல."

கத்தச் சொன்னார்கள்

அடுத்து குரல் பதிவு வந்தது. அந்தக் கும்பல் கதாநாயகனைப் பார்த்துக் கத்த வேண்டும். உலகத்தில் பலருக்கும் தெரியாத, கரடுமுரடான ஒரு மொழி வேண்டும் என்று இயக்குநர் கேட்டாராம். ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் யார் என்று மெயில் வந்தது. எங்கள் மொழிக்கு அந்தப் பெருமை கிடைத்ததை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். என்ன கத்துவதென்று வசனம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, கோபமாக இருந்தால் போதும் என்றார்கள். அப்படியானால் வருகிறேன் என்றேன்.

பஞ்சு ஒட்டிய சின்ன அறை. ஒலிப்பதிவாளர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. இயக்குநர் திரையில். நான் மைக் முன்னால் நின்றேன். மாதக்கணக்கில் சேர்ந்த கோபம். எங்கிருந்து எடுக்க என்று தேட வேண்டியிருக்கவில்லை. "இது எங்க வூடு!" என்று கத்தினேன். "எங்க தெருவுக்குள்ள துப்பாக்கியோட ஏன் வந்த? கொழந்தைங்க தூங்குது, வெளிய போ! தண்ணி வேணும்னா கேளு, ஏன் சுடுற? நாங்க இன்னா பண்ணோம் ஒன்ன?" தொண்டை கிழிகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கத்தினேன். கடைசியில் அழுகை வந்துவிட்டது. அதையும் சேர்த்தே பதிவு செய்தார்கள். இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார். அர்த்தம் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது: "வேண்டாம் வேண்டாம், அதுதான் அதன் அழகே, என்ன சொல்கிறார்கள் என்று யாருக்குமே புரியப்போவதில்லை!"

குடும்ப தினம்

வருஷத்துக்கு ஒரு நாள் ஆபீஸுக்குக் குடும்பத்தை அழைத்து வரச் சொல்வார்கள். பலூன், சமோசா, பிள்ளைகளுக்கு முகத்தில் புலி வரைவது எல்லாம் உண்டு. அம்மா ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. என் ஆபீஸைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக ஆசை. அன்றைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, மெரூன் பட்டுச்சேலையில் வந்திருந்தாள். கழிப்பறை ஓரத்து என் மேஜையைப் பார்த்து, "ஏசிக்கு நேரா இருக்கு" என்று பெருமைப்பட்டாள். அடுத்த ஹாலில் பெரிய திரையில் 'தூசி' ஓடுவது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் கூட்டிப் போயிருக்க மாட்டேன்.

யாரோ ஒருவருடைய மச்சான் ஆடிக்கொண்டிருந்தார். திரையில் எங்கள் தெரு. அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "ஏய், அது நம்ம கொழா இல்ல?" என்றாள், முகமெல்லாம் சிரிப்பு. ஆபீஸ்காரர்கள் எனக்காக எங்கள் தெருவை வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். மச்சான் முன்னேறினார். புத்தர் கூடம் வந்தது. அம்மாவின் சிரிப்பு நின்றது. நீலக் கதவு திறந்தது, ஒருவன் ஓடி வந்தான், மச்சான் சுட்டார். பின்னாலேயே ஒரு பொம்பளை வந்தாள்; அவளையும் சுட்டார். சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், வளையல் அழுந்தி வலித்தது.

அப்போதுதான் வருண் வந்தார். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அம்மாவுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. "தம்பி, நீதான அன்னிக்கு நம்ம வூட்டுக்கு வந்து டீ குடிச்ச?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவர் டீ குடித்த வீடு எங்கள் வீடு என்று எனக்கே அப்போதுதான் தெரியும். அம்மா யாருக்குத்தான் டீ கொடுக்கவில்லை, சொல்லத் தோன்றியிருக்காது. அம்மா கத்தவில்லை. வார்டில் தூக்கம் வராத நோயாளியிடம் பேசுகிற குரலில், திரையைக் காட்டிக் கேட்டாள்: "நல்லாத்தான் வரஞ்சிக்கீற தம்பி, எல்லாம் அப்டியே கீது, ஆனா அந்த வூட்ல நானும் இவளுந்தான் இருக்கோம், நீ யாரச் சுடச் சொல்ற?"

சுடாத பெண்

கேம் வெளியாவதற்கு முன்னால் வெளியாட்களைக் கூப்பிட்டு ஆட வைத்து, அவர்கள் முகத்தைப் படம் பிடித்து அனுப்புவோம். எலெக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி. விடுதியில் தங்கி வேலை பார்க்கிற ஒரு பெண் வந்தாள். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். அருமையாக ஆடினாள். தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல், தேவையான குண்டை மட்டும் சுட்டுக்கொண்டு எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டாள். ஹெட்ஃபோனில் என் குரல் கேட்க ஆரம்பித்தது. பாதிச் சந்தில் நின்றாள். காதில் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு கேட்டாள். பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தி, வந்த வழியே திரும்பி நடந்தாள். கும்பல் ஆட்கள் பின்னாலிருந்து அடித்தார்கள்; செத்தாள். மறுபடி ஆரம்பிக்கச் சொன்னோம். மறுபடியும் திரும்பி நடந்தாள்.

அந்த வீடியோ இயக்குநருக்குப் போனது. உடனே மீட்டிங். இந்தப் பெண் ஏன் சுடவில்லை, கன்ட்ரோலரில் கோளாறா என்று கேட்டார். நான் எழுந்து, கத்தியதை எல்லாம் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். அது யாருடைய தெரு என்பதையும் சொன்னேன். இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். சொன்னேன், திறந்தேன், மூடினார்கள் என்றேன். தீபா காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதிர்பாராமல் வருண் வாயைத் திறந்தார். "பில்ட்ல சேர்த்த அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுது, சொல்லத் தைரியம் வரல," என்றார். பிறகு இயக்குநர் அந்தப் பெண் போகும்போது எழுதிக்கொடுத்த கருத்தைப் படிக்கச் சொன்னார். தீபா படித்தாள். ஒரே வரி: "வீட்டுக்காரங்களச் சுட்டாத்தான் அடுத்த லெவலா, அப்ப நான் இங்கேயே நின்னுக்கிறேன்."

காப்பாற்ற வந்தவர்

வென்றுவிட்டோம் என்று ஷபீர் எனக்கு பிரியாணி வாங்கிக்கொடுத்தான். அவசரப்பட்டுவிட்டான். புது பில்ட் வந்தது. சிலைக்குத் தலை திரும்பி வந்திருந்தது. தோட்டாப் பெட்டியைக் காணோம். ரேஷன் கடைச் சுவரில் தமிழ் போய் ஏதோ கோழி கிளறின மாதிரி எழுத்து. கதவு சாம்பல் நிறம். வாழ்கிறவர்கள் இனி எதிரிகள் இல்லை. அதுவரை சந்தோஷம். ஆனால் இப்போது அவர்கள் தெருவில் வரிசையாக உட்கார்ந்து, கதாநாயகன் வந்ததும் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அவன் வெளியே போய்க் கொள்ளைக்காரர்களைச் சுட்டுவிட்டு, தண்ணீரோடு வந்து எல்லாருக்கும் ஊற்றுகிறான். அவன் குடுவையிலிருந்து, கையேந்தி நிற்கிறவர்களுக்கு.

எங்கள் தெருவில் யாரும் யார் காலையும் பிடித்து நான் பார்த்ததில்லை. கார்ப்பரேஷன் தண்ணீர் வராத வாரம் எங்கள் பொம்பளைகள் குடத்தோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறிப்பார்கள்; இன்ஜினியர் ஜீப்பில் ஓடி வருவார். சுடப்பட்டபோது வந்ததைவிட இப்போதுதான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. சுடுகிறவனாவது எங்களைப் பார்த்துப் பயந்தான். அழுகிற பொம்மைகளை நிறுத்திவைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தீபாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டாள்: "அய்யோ யசோ, உங்க ஆளுங்கள நல்லவங்களா ஆக்கிட்டோமே, இன்னும் ஏனு பேக்கு?"

சாத்துகிற கதவுகள்

என்ன வேண்டும் என்று அவள் கேட்டதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். யோசித்து எழுதினேன். யாரும் அழ வேண்டாம், யாரும் ஓடி வந்து அடிக்கவும் வேண்டாம். அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கதாநாயகன் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு வந்து நின்றால், ஒரு பொம்பளை குடத்திலிருந்து அவன் குடுவைக்கு ஊற்றுவாள். துப்பாக்கியை உயர்த்தினால் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொள்ளும். சுட்டால் கதவில் குண்டு படும், அவ்வளவுதான். தண்ணீர் கிடைக்காது. அடுத்த பாலைவனத்தில் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான்.

இதை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் பேசியது வருண். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து தெருக்காரர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். எங்கள் தெரு அவரை ஒரு மணி நேரம் திட்டியது, தமிழிலும் கன்னடத்திலும். நின்று கேட்டுக்கொண்டார், அதற்கு மட்டும் மதிப்பெண் போட்டேன். இயக்குநர் தரப்பு என் யோசனையை ஏற்றுக்கொண்டது. நியாயத்துக்காக என்று நினைக்காதீர்கள். அழுகிற ஆட்களை அசைய வைப்பதைவிடக் கதவைச் சாத்த வைப்பது சுலபம், அதுதான் காரணம் என்று மெயிலிலேயே எழுதியிருந்தார்கள்.

கேம் வெளிவந்தது. பேய் ஓட்டம் என்று சொல்ல முடியாது, தோல்வியும் இல்லை. ஆடியவர்கள் இணையத்தில் எழுதுவதை எல்லாம் ஷபீர் உரக்கப் படிப்பான். உப்புக் கடலைப் புகழ்ந்தார்கள், துப்பாக்கியைப் புகழ்ந்தார்கள். எங்கோ இருக்கிற ஒருவன், எந்த ஊரென்றும் தெரியாது, எங்கள் தெருவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது மட்டும் ஷபீர் குரலைத் தாழ்த்தினான்: "எத்தனையோ பேரைச் சுட்டேன், எதுவும் தோன்றவில்லை, நான் துப்பாக்கியைத் தூக்கியதும் ஒரு தெருவே என் முகத்தில் கதவைச் சாத்தியபோதுதான் நான் யார் என்று பயமாக இருந்தது."

எனக்கு அந்த வருஷம் கிடைத்த மதிப்பீட்டில் 'திறமைசாலி, ஆனால் எளிதில் கோபப்படுகிறார்' என்று போட்டிருந்தார்கள். உலகம் எத்தனை தடவை அழிந்தாலும் திங்கட்கிழமை காலையில் அதை மறுபடி முட்டிப் பார்க்க ஒரு கோபக்காரி தேவைப்படுகிறாள் என்பதால் என்னை இன்னும் வேலையைவிட்டு அனுப்பவில்லை.